உடும்பு வாத்தியாரும் சாமை என்ற மட்டக்குதிரையும்

மலையடிவாரக் காட்டில் ஓர் அல்லிக்குளம் இருந்தது. அதன் கரையில் ஓர் உடும்பு குதிரைச் சவாரி சொல்லிக்கொடுத்து வந்தது.

காட்டில் சவாரி எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருந்தது. கோடை முற்றினால் அல்லிக்குளம் வற்றிவிடும். மலைக்கு அந்தப் பக்கத்தில் வற்றாத ஏரி ஒன்று உண்டு. குளத்தங்கரைக் காட்டுக்குதிரைகள் ஆண்டுதோறும் மலையைத் தாண்டி ஏரிக்குப் போய்விடும். கீரி, முயல், முள்ளெலி போன்ற சின்னப் பிராணிகளுக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால் அவை குதிரைகளின் முதுகில் ஏறிக்கொண்டு போகும். அதற்குப் பதிலாக ஆண்டு முழுவதும் குதிரைகளுக்கு உண்ணி பொறுக்கும், பிடரியில் ஒட்டிய முள்ளை எடுத்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

ஆனால் நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. குதிரைமேல் உட்கார்ந்து, விழாமல் குளத்தை மூன்று முறை சுற்றிவர வேண்டும். அப்போதுதான் உடும்பு வாத்தியார் நெற்றியில் செம்மண் பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் பயணம் உண்டு. இல்லையென்றால் இல்லை.

வாத்தியாரின் பெயர் கெட்டியப்பர். பத்து ஆண்டுகளாக அவர் ஒரு தடவைகூடக் குதிரையிலிருந்து விழுந்ததில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. கம்பீரன் என்ற வெள்ளைக் குதிரையின்மேல் அவர் ஏறுவதைப் பார்க்கக் காடே கூடும். அந்தக் காட்டிலேயே உயரமான குதிரை கம்பீரன்தான். ஏறினதும் நான்கு கால்களின் நகங்களையும் குதிரையின் முதுகில் அழுத்துவார். கம்பீரன் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகத் துள்ளும். வாத்தியார் அசைய மாட்டார். உடும்புப் பிடியல்லவா!

"பாத்தீங்களா துள்ளலை! இதுதான் குதிரை! இதுதான் சவாரி!" என்று மேலேயிருந்து கத்துவார். கீழே இருப்பவர்கள் கைதட்டுவார்கள்.

குதிரைகளைத் தேர்ந்தெடுப்பதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். அவர் குடியிருந்த கரையான் புற்றின் அருகே குதிரையை நிற்கச் சொல்வார். முதுகு புற்றைவிட உயரமாக இருந்தால் அது சவாரிக் குதிரை. புற்றைவிடத் தாழ்ந்திருந்தால் புல் சுமக்கப் போக வேண்டியதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு மழைக்கும் கரையான்கள் புற்றைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டின. அதனால் போன ஆண்டு தேறிய ஒரு செவலைக்குதிரை இந்த ஆண்டு தேறவில்லை.

"புத்து வளர்ந்திருக்குது வாத்தியாரே!" என்றது செவலை.

"புத்தாவது வளர்றதாவது! நீதான் குறைஞ்சுபோயிட்ட!" என்றார் வாத்தியார். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான் சாமை வந்தது. சாமை ஒரு மட்டக்குதிரை. தவிட்டு நிறம், குட்டைக் கால்கள், கண்ணை மறைக்கும் பிடரி மயிர். அது புற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் காணாமல் போய்விட்டது. வாத்தியார் புற்றைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இது குதிரையா, இல்ல கொஞ்சம் நீளமா வளர்ந்த ஆடா?" என்று கேட்டார். உயரக் குதிரைகள் கனைத்துச் சிரித்தன.

"குதிரைதாங்க வாத்தியாரே. என் முதுகுல யாராவது ஏறிப் பாக்கட்டுமே!" என்றது சாமை.

"ஏறினா ஏறின மாதிரி இருக்கணும், இறங்கினா இறங்கின மாதிரி இருக்கணும். உன்மேல ஏறுனா ரெண்டும் ஒண்ணுதான்! போ, போய்ப் புல்லுக் கட்டைச் சும!"

சாமைக்கு அழுகை வந்தது. ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் புல் சுமந்தது.

நாட்கள் நகர்ந்தன. குளம் சுருங்கிக்கொண்டே வந்தது. அல்லி இலைகள் சேற்றில் படுத்துக்கொண்டன. காலை வேளைகளில் மட்டும் குளத்தின்மேல் மெல்லிய மூட்டம் வந்து படியும். அப்போது அக்கரையில் மேயும் குதிரைகளுக்குக் கால்கள் இருக்காது. உடம்பு மட்டும் வெள்ளைப் புகையில் மிதக்கும். பிறகு வெயில் வரும், கால்களும் வந்துவிடும்.

தும்பை என்ற முயலுக்கு ஒரு பின்னங்கால் ஊனம். வேடனின் கண்ணியில் மாட்டிப் பிழைத்த முயல் அது. அதற்கு மூன்று குட்டிகள். குட்டிகள் இன்னும் அம்மாவின் காதைப் பிடித்துத் தொங்குகிற வயது. தும்பை கம்பீரன்மேல் ஏறியது. முதல் துள்ளலிலேயே விழுந்தது. மறுநாள் ஏறியது. மறுபடியும் விழுந்தது. மூன்றாம் நாள் விழுந்த விழுகையில் அதற்கு மூச்சே நின்று வந்தது.

"மூணு தரம் விழுந்தவங்களுக்குப் பயணம் கிடையாது" என்றார் வாத்தியார்.

"அப்படிச் சொல்லாதீங்க வாத்தியாரே! குளத்துல தண்ணி இன்னும் மூணு நாளைக்குத்தான் வரும். நான் இங்கயே கெடந்தா எம் புள்ளைங்க என்ன ஆகும்?"

வாத்தியார் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் மலையில் வழுக்குப்பாறை என்று ஓர் இடம் இருக்கிறது. ஒரு பக்கம் சுவர் போன்ற பாறை, மறுபக்கம் அதலபாதாளம். அங்கே விழுந்தால் எலும்புகூடக் கிடைக்காது. குளத்தங்கரையிலேயே விழுகிறவள் அங்கே எப்படித் தாங்குவாள் என்று அவர் நினைத்தார்.

"பிடி பத்தலம்மா உனக்கு. பிடிதான் சவாரி! நான் பிடிக்கிற மாதிரி பிடி!"

"எனக்கு ஏதுங்க உங்க மாதிரி நகம்?"

"நல்லா இருக்குது சாக்கு!" என்று சொல்லிவிட்டு அவர் புற்றுக்குள் போய்விட்டார். ஆனால் அன்று முழுவதும் அவருக்கு உள்ளே இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாத்தியார் புற்றிலிருந்து தலையை நீட்டினார். குளத்தின்மேல் வழக்கம்போல் மூட்டம். அதற்குள் ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. மூட்டத்திலேயே ஒரு துண்டு தனியாகப் பிரிந்து மெல்ல நடந்து வருவதுபோல் இருந்தது. சத்தமே இல்லை. கிட்டே வந்தபோதுதான் தெரிந்தது, அது சாமை. அதன் முதுகில் தும்பை உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பாதி படுத்திருந்தது. காதுகள் இரண்டும் தளர்ந்து பின்னால் சாய்ந்திருந்தன. மூன்று குட்டிகளும் சாமையின் பிடரிக்குள் புதைந்து தூங்கின.

குளத்தைச் சுற்றி அது எத்தனையாவது சுற்றோ, யாருக்குத் தெரியும்? வாத்தியார் கொஞ்ச நேரம் தம்மை மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கும் கண்ணைச் செருகிக்கொண்டு வந்தது. பிறகு சட்டென்று தம் நிலைமை நினைவுக்கு வந்தது.

"ஏய்! நில்லு! என்ன இது?" என்று கத்தினார்.

தும்பை திடுக்கிட்டு விழித்தது. "சவாரி வாத்தியாரே! ஏழு சுத்து வந்துட்டோம்! நான் விழவே இல்ல!"

"இதுவா சவாரி? இது தூக்கம்! விழாம இருக்கிறதுதான் சவாரின்னா பாறைமேல உக்காந்திருக்கிறவன்கூடத்தான் சவாரிக்காரன்!"

"வேணும்கிறது ஏரிக்குப் போறதுதானே வாத்தியாரே? துள்ளுறது எதுக்கு?" என்று கேட்டது சாமை.

பதில் தெரியாதபோது வாத்தியார்கள் என்ன செய்வார்களோ அதையே கெட்டியப்பரும் செய்தார். குரலை உயர்த்தினார். "எதிர்த்துப் பேசாதே! மட்டக்குதிரையில வந்தவளுக்கு என் கையால பொட்டு கிடையாது! வரிசையிலயும் இடம் கிடையாது! வேணும்னா கடைசியில புல்லுக் கட்டோட புல்லுக் கட்டா வாங்க! விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது!"

"அது போதும்!" என்றது தும்பை.

மூன்றாம் நாள் விடியலில் பயணம் கிளம்பியது. முன்னால் கம்பீரன், அதன்மேல் கெட்டியப்பர். பின்னால் பன்னிரண்டு உயரக் குதிரைகள். அவற்றின்மேல் கீரிகளும் முள்ளெலிகளும் மற்றவர்களும், நெற்றியில் செம்மண் பொட்டோடு. "தலை நிமிரட்டும்! எந்தக் குதிரையும் தலை குனியக் கூடாது!" என்று வாத்தியார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். எல்லோருக்கும் கடைசியில் சாமை வந்தது.

ஏற ஏறக் காடு மாறியது. கீழே இருந்த வெயில் கீழேயே தங்கிவிட்டது. மரங்களில் பாசி தாடி தாடியாய்த் தொங்கியது. எங்கோ ஒரு பறவை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அப்புறம் மேகம் இறங்கியது. முன்னால் போகிறவரின் முதுகு மங்கியது, பிறகு மறைந்தது. குளம்புச் சத்தம்கூட யாரோ வேறு உலகத்தில் நடப்பதுபோல் கேட்டது.

அப்படியே நடந்து நடந்து வழுக்குப்பாறைக்கு வந்து சேர்ந்தார்கள். கம்பீரன் நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்ட? போ!" என்றார் வாத்தியார்.

"வழி தெரியலைங்க. என் காலே எனக்குத் தெரியல" என்றது கம்பீரன்.

வாத்தியார் வழக்கம்போல் நகங்களை அழுத்தினார். கம்பீரன் வழக்கம்போல் துள்ளியது. அதன் பின்னங்கால் பட்டு ஒரு கல் உருண்டது. அந்தக் கல் கீழே விழுந்த சத்தம் கடைசிவரை கேட்கவே இல்லை.

"வாத்தியாரே, இறங்கிடுங்க" என்றது கம்பீரன். "இன்னொரு தரம் நகம் பட்டா ரெண்டு பேரும் கீழ போயிடுவோம். இத்தனை வருஷமா சொல்லக் கூச்சமா இருந்துச்சு. இப்போ சொல்லிடுறேன். நான் துள்ளுனது வீரத்துல இல்லீங்க. வலியில துள்ளுனேன்!"

பத்து ஆண்டுகளாக வாங்கிய கைதட்டல் எல்லாம் வாத்தியாரின் காதுக்குள் ஒரே நேரத்தில் ஒலித்து அடங்கியது. அவர் இறங்கிப் பாறையில் ஒட்டிக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு வழி தெரியுது!"

அது சாமையின் குரல். வழுக்குப்பாறையில் மேகம் தரையைத் தொடவில்லை. மூன்று முழ உயரத்தில் கூரைபோல் நின்றது. தலையைத் தாழ்த்திய ஒரு மட்டக்குதிரையின் கண்ணுக்கு அந்தக் கூரைக்குக் கீழே பாதை பளிச்சென்று தெரிந்தது. உயரக் குதிரைகளின் தலைகளோ மேகத்துக்குள் நிமிர்ந்து நின்றன. தலை குனிந்து நடக்க அவற்றை யார் பழக்கினார்கள்?

"எல்லாரும் தலையைக் கீழ இறக்குங்க. ஒருத்தர் வாலை ஒருத்தர் வாயில புடிச்சுக்கோங்க. மேல இருக்கிறவங்க குதிரைங்க மேல அப்படியே படுத்துக்கோங்க. மெல்லப் போவோம்" என்றது சாமை.

தும்பையையும் குட்டிகளையும் சுமந்தபடி அது சுவரோரமாக முன்னால் வந்தது. ஒரு கால் வைத்து, பாறையைத் தடவிப் பார்த்து, அடுத்த கால் வைத்தது. அதன் வாலைக் கம்பீரன் பிடித்துக்கொண்டது. கம்பீரனின் வாலை அடுத்த குதிரை பிடித்துக்கொண்டது.

"வாத்தியாரே, நகத்தை மடக்கிட்டு ஏறிக்கிறீங்களா?" என்று வாலை விட்டுவிட்டுக் கேட்டது கம்பீரன்.

"வேண்டாம். நான் பின்னாலயே நடந்து வர்றேன்" என்றார் அவர். ரோஷம் யாரை விட்டது!

குதிரைகள் ஒவ்வொன்றாய்ப் பாறை வளைவில் மறைந்தன. சத்தமும் கரைந்தது. வாத்தியார் தனியானார். நான்கு எட்டு நடந்தார். ஐந்தாவது எட்டுக்குக் கால் வரவில்லை. உடும்புக்கு உடம்பில் சொந்தமாகச் சூடு கிடையாது, வெயில்தான் அதற்கு அடுப்பு. வெயில் இல்லாத அந்தப் பாறையில் அவருடைய கால்கள் விறைத்துக்கொண்டே வந்தன. வால் அவருடையதாகவே இல்லை. இப்படியே இருந்தால் இன்னும் சிறிது நேரத்தில் தாமும் ஒரு கல்லாகிவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

மேகத்துக்குக் கீழே நான்கு குட்டைக் கால்கள் அவரை நோக்கி வந்தன.

"எல்லாரையும் அந்தப் பக்கம் விட்டாச்சு. தும்பை அக்காவும் புள்ளைங்களும் புல்லுல உக்காந்திருக்காங்க. நீங்க வரலையேன்னு பாக்க வந்தேன்" என்றது சாமை. அவருக்கு எதிரே முழங்காலை மடித்துப் படுத்தது. "ஏறுங்க."

வாத்தியார் எப்படியோ ஊர்ந்து ஏறினார். ஏறியதும் தம்மை அறியாமல் நகங்களை இறக்கினார்.

சாமை எழுந்தது, ஆனால் நகரவில்லை. "நகத்தை எடுத்துடுங்க வாத்தியாரே. வலிச்சா எனக்குக் கால் சரியா பாவாது. கால் பாவலைன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

"எடுத்தா விழுந்துடுவேனே!"

அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. பத்து ஆண்டுகளில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதும் இல்லை. முதல் நாள் குதிரைமேல் ஏறியபோதே அவருக்குக் கொள்ளைப் பயம். பயத்தில் பிடித்தார். பிடித்ததைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் பிடியை விடவே இல்லை.

சாமை சிரிக்கவில்லை. "விழுந்தா எவ்வளவு தூரம்? எட்டித்தான் பாருங்களேன்" என்றது.

வாத்தியார் பாறைச்சுவர்ப் பக்கமாக எட்டிப் பார்த்தார். தரை பக்கத்திலேயே இருந்தது. பாசி படிந்து, மெத்தென்று இருந்தது. பாதாளத்தின் பக்கம் நடக்காமல் சுவரை உரசிக்கொண்டே நடப்பது சாமையின் பழக்கம். மலைச்சரிவுகளில் புல்லுக் கட்டைச் சுமந்து சுமந்து வந்த பழக்கம் அது.

அவர் ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு பிடித்தது. கடைசி விரலையும் மடக்கியபோது, "போகலாம்" என்றார். குரல் சின்னதாக வந்தது.

சாமை நடந்தது. அதன் முதுகு வெதுவெதுப்பாக இருந்தது. சூடு அவருடைய வயிற்றில் ஏறி, மார்பில் ஏறி, கண்ணிமை வரை வந்தது. மேகம் தலைக்குமேல் வெள்ளைத் துணிபோல் நழுவிக்கொண்டிருந்தது. முதுகு மெல்ல ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. கெட்டியப்பர் கண்ணை மூடினார். முட்டைக்குள் இருந்த நாட்கள் கனவில் வந்தன. எல்லாப் பக்கமும் கதகதப்பு. அங்கே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, விழுவதற்கும் இடம் இல்லை. தூரத்தில் யாரோ தண்ணீர் பேசுவதுபோல் பேசினார்கள். எவ்வளவு நேரம் அப்படிப் போனாரோ!

தொப்பென்று ஒரு சத்தம்.

"ஐயையோ! வாத்தியாரே, விழுந்துட்டீங்க!" என்று சாமை பதறியது.

வாத்தியார் பாசிமேல் மல்லாந்து கிடந்தார். முதலில் வாலை அசைத்துப் பார்த்தார், இருந்தது. கால்களை எண்ணினார், நான்கும் இருந்தன. வானம் இடிந்து விழவில்லை. அவர் மேலே பார்த்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஆமா! விழுந்துட்டேன்! இவ்வளவுதானா! இதுக்கா பத்து வருஷம் பயந்தேன்!"

சிரித்து முடித்துவிட்டு, நகத்தை மடக்கிக்கொண்டு மறுபடி ஏறினார்.

மேகம் விலகியபோது கீழே ஏரி தெரிந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். வெயில் அதன்மேல் உறங்கிக்கொண்டிருந்தது. சாமை இறங்கிச் சென்றபோது மற்றக் குதிரைகள் கரையில் நின்று காத்திருந்தன. தும்பையின் குட்டிகள் முதல் வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மூக்கு நனைந்து தும்மிக்கொண்டிருந்தன.

"வாத்தியாரே! வழுக்குப்பாறையிலகூட விழாம வந்துட்டீங்களா?" என்று ஒரு கீரி கேட்டது.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேகத்துக்குள் நடந்ததை யார் பார்த்தார்கள்? சாமை சொல்லக்கூடிய குதிரையும் அல்ல. ஆனால் வாத்தியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "விழுந்துட்டேன்! தூங்கிட்டேன், விழுந்துட்டேன்! என் வாழ்க்கையிலயே இன்னிக்குத்தான் பயமில்லாம சவாரி செஞ்சேன்!"

யாரும் கைதட்டவில்லை. அவர் கம்பீரனிடம் போய் அதன் முதுகில் இருந்த தழும்புகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "என்னை மன்னிச்சிடு" என்றார். கம்பீரன் மூக்கால் அவரை மெல்லத் தள்ளியது.

அடுத்துத் தும்பையிடம் வந்தார். ஏரிக்கரைச் சேற்றைத் தொட்டுப் பொட்டு வைக்கப் போனார். தும்பை தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"எனக்கு வேண்டாம் வாத்தியாரே. நான்தான் வந்து சேந்துட்டேனே! வைக்கிறதா இருந்தா சாமைக்கு வைங்க."

வாத்தியார் திரும்பினார். சாமை முழங்காலளவு தண்ணீரில் நின்று குடித்துக்கொண்டிருந்தது. அவர் கரையிலேயே நின்று, அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எனக்குச் சவாரி தெரியாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நாளைக்குக் காலையில இருந்து நீங்க எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார்.

சாமையை யாரும் அதுவரை 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. அதற்குக் கூச்சமாக இருந்தது. "வெயில் வந்ததும் வாங்க வாத்தியாரே. குளிர்ல உங்களுக்குக் கால் வராதில்ல!" என்றது.

உருவத்தைப் பார்த்து ஒருவரைச் சிறியவர் என்று ஒதுக்குகிறவர், தமக்கு வேண்டிய நல்ல துணையைத் தாமே ஒதுக்கிவிடுகிறார்.